மலைக்காட்டில் பரசூட் படையினர்: மலையக வாசகர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கண்டியிலும் ஹற்றனிலும் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு வரலாறு கற்பித்துவருகிறேன். இரண்டாம் உலகப் போரின் பர்மாப் போர்முனைக்கு வந்தவுடன் கேள்விகள் பெருகிவிடும். வானத்திலிருந்து குதிக்கும் சிப்பாய் காட்டுமலையில் இறங்கினால் என்ன செய்வான், என்ன சாப்பிடுவான், அடிபட்டால் யார் தூக்குவார் என்று மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பாடப்புத்தகத்தில் இல்லாதவை. மாணவர்களும் சில பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே பதில்களோடு தொகுத்திருக்கிறேன்.

வான்வழிக் காலாட்படை என்றால் என்ன?

பரசூட் மூலமோ, எஞ்சின் இல்லாத கிளைடர் மூலமோ, பிற்காலத்தில் ஹெலிகொப்டர் மூலமோ போர்க்களத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இறங்கிய பிறகு சாதாரண காலாட்படையைப் போல நடந்தே போரிடும் படை இது. கையில் தூக்கக்கூடிய ஆயுதமும் முதுகில் சுமக்கக்கூடிய உணவும் மட்டுமே அவர்களிடம் இருக்கும்; கனரகப் பீரங்கியும் வாகனமும் அவர்களுக்குப் பின்னால் வருவதில்லை. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் குறைதான்.

இலங்கையின் மலையகத்தில் இப்படியொரு சண்டை நடந்ததா?

நடக்கவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டுவீசித் தாக்கின. ஜப்பானியத் தரைப்படை இலங்கையில் காலடி வைக்கவே இல்லை. ஆயினும் மலையகத்துக்கு இந்தப் போரோடு நேரடித் தொடர்பு உண்டு. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையிலான தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944 ஏப்ரலில் டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றப்பட்டு, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இயங்கியது. பிள்ளைகள் சுற்றுலா சென்று மூங்கில் புதர்களின் கீழ்ச் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கும் அந்தப் பூங்காவிலிருந்துதான் பர்மாப் போரின் பிற்பாதி நடத்தப்பட்டது. அதே காலத்தில் கிழக்காபிரிக்காவிலிருந்து வந்த 11ஆவது டிவிஷன் இலங்கையின் காடுகளில் பயிற்சி பெற்று, 1944இல் பர்மாவின் கபாவ் பள்ளத்தாக்கில் போரிட்டது.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். கீழே நான் விவரிக்கும் மணிப்பூரின் சங்ஷாக் சண்டைக்கும் பர்மாக் காட்டுக் கிளைடர் தரையிறக்கத்துக்கும் பேராதனையிலிருந்தே உத்தரவு போனதாகப் பலர் நம்புகிறார்கள். அவை இரண்டும் 1944 மார்ச்சில் நடந்தவை. தலைமையகம் கண்டிக்கு வந்தது அதற்குப் பிறகு.

மலையில் பரசூட்டில் இறங்குவது சமவெளியில் இறங்குவதைவிட ஏன் கடினம்?

முதற்காரணம் காற்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,250 மீற்றர் உயரத்தில், அதாவது நமது ஹோர்ட்டன் சமவெளியின் உயரத்தில், காற்றின் அடர்த்தி கரையோரத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே அதே பரசூட் அதே மனிதனை அங்கே பத்து வீதத்துக்குச் சற்று அதிகமான வேகத்தோடு தரையில் சேர்க்கும். கேட்பதற்குச் சிறிய வித்தியாசம். முப்பது கிலோ சுமையோடு கற்பாறையில் விழுபவனின் கணுக்காலுக்கு அது சிறியதல்ல.

இரண்டாவது காரணம் இடம். அக்காலத்து டக்கோட்டா விமானமொன்றில் ஏறத்தாழ இருபது பேர் குதிக்கப் போவார்கள். விமானம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பறந்தாலும் செக்கனுக்கு நாற்பத்தைந்து, ஐம்பது மீற்றர் கடந்துவிடும். செக்கனுக்கு ஒருவர் வீதம் குதித்தால் முதலாமவருக்கும் கடைசியாளுக்கும் இடையில் தரையில் ஒரு கிலோமீற்றருக்குக் கிட்டிய தூரம் விழும். புத்தளம் பக்கத்துச் சமவெளியில் அந்தத் தூரத்தைப் பத்து நிமிடத்தில் நடந்து ஒன்றுசேரலாம். நம் தோட்டங்களில் ஒரு கிலோமீற்றர் என்றால் ஒருவர் கீழ்ப்பிரிவு ஓடைக்குள்ளும் மற்றவர் மேற்பிரிவுக்கு அப்பாலுள்ள பாறையிலும் இருப்பார்கள்; அவர்கள் சந்திக்க அரை நாள் போய்விடும்.

மூன்றாவது காரணத்தை மலையகத்தாருக்கு விளக்கவே தேவையில்லை. காலையில் தெளிவாகத் தெரிந்த மலை பத்து மணிக்கு மூடுபனிக்குள் மறைந்துவிடும். பள்ளத்தாக்குக் காற்று காலையில் ஒரு திசையிலும் மாலையில் வேறு திசையிலும் அடிக்கும்.

நேராக மரங்களின் மேலேயே குதித்தால் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியிடம், அதையும் செய்து பார்த்தார்கள் என்று சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை. மலாயாவில் அவசரகால நிலை நிலவிய காலத்தில், 1952 பெப்ரவரியில், தாய்லாந்து எல்லைக்கு அருகிலுள்ள பெலும் பள்ளத்தாக்கில் பிரித்தானிய விசேட வான்சேவைப் படையினர் ஐம்பத்துச் சொச்சம் பேர் குதித்தார்கள். பலருடைய பரசூட்டுகள் மரவிதானத்தில் சிக்கின. அவர்கள் கொண்டுவந்த கயிற்றைக் கட்டி அதன் வழியே தரைக்கு இறங்கினார்கள். அன்று காயங்கள் குறைவாக இருந்ததால், வேண்டுமென்றே மரத்தில் குதிப்பது ஒரு முறையாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிற்பாடு நடந்த குதிப்புகளில் கிளை முறிந்து விழுந்தவர்களும், கயிறு போதாமல் தொங்கியவர்களும், முதுகெலும்பு உடைந்தவர்களும் உயிரிழந்தவர்களும் இருந்தார்கள். மலாயாவின் காட்டு மரங்கள் ஐம்பது, அறுபது மீற்றர் வளர்பவை. சில ஆண்டுகளிலேயே அந்த முறை கைவிடப்பட்டு, ஹெலிகொப்டர் அதன் இடத்தைப் பிடித்தது.

சங்ஷாக் சண்டை பற்றிச் சொல்லுங்கள். அதில் பரசூட் படையினர் குதித்தார்களா?

குதிக்கவில்லை. பரசூட் பயிற்சி பெற்றவர்கள் மலைக்காட்டில் நடந்தே போய், நின்ற இடத்தில் நின்று போரிட்ட சண்டை அது. என் பார்வையில் இந்தப் பொருள் முழுவதிலும் மலையகப் பிள்ளைகள் ஆழமாகப் படிக்கவேண்டிய நிகழ்வு இதுவே. ஆகவே பதிலும் நீளமாக இருக்கும்.

இந்தியாவின் 50ஆவது பரசூட் பிரிகேட் 1941 அக்டோபரில் டில்லியில் உருவானது. வான்வழித் தாக்குதல் எதுவும் உடனடியாகத் திட்டமிடப்பட்டிராத நிலையில், 1944இன் தொடக்கத்தில் அதன் இரண்டு பற்றாலியன்கள், அதாவது 152ஆவது இந்தியப் பரசூட் பற்றாலியனும் 153ஆவது கூர்க்காப் பரசூட் பற்றாலியனும், காட்டுப்போர்ப் பயிற்சிக்காக மணிப்பூர் மலைகளுக்கு அனுப்பப்பட்டன. பிரிகேடியர் ஹோப்-தொம்சன் தலைமை தாங்கினார். உக்ருலைச் சுற்றியுள்ள அமைதியான பகுதியைக் காவல் காப்பதே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்த வழியாக ஜப்பானியர் பெரும்படையோடு வரமாட்டார்கள் என்று மேலிடம் கருதியது.

வந்தார்கள். மார்ச் 19ஆம் திகதி, 7378 என்ற எண்ணால் குறிக்கப்பட்ட மலையுச்சியில் இருந்த 152ஆவது பற்றாலியனின் ஒரு கம்பனியை ஜப்பானிய 58ஆவது ரெஜிமென்ட் தாக்கியது. அந்த எண் அடியில் கணக்கிட்ட உயரம், மீற்றரில் 2,249. அங்கிருந்தவர்கள் ஏறத்தாழ 170 பேர். மறுநாள் காலைக்குள் அந்தக் கம்பனி அழிந்துவிட்டது. மிகச் சிலரே தப்பி வந்தார்கள்.

எஞ்சிய பிரிகேட் சங்ஷாக் என்ற நாகர் கிராமத்து மேட்டில் ஒன்றுகூடியது. முக்கால் கிலோமீற்றருக்கு மிஞ்சாத நீளமும் அதில் பாதி அளவே அகலமும் கொண்ட அந்த மேட்டின் ஒரு மூலையில் ஒரு தேவாலயம் இருந்தது. பதுங்குகுழி வெட்ட முனைந்தவர்களின் மண்வெட்டி சிறிது ஆழத்திலேயே பாறையில் மோதியது. முள்ளுக்கம்பி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் பிடித்துவைத்திருந்த வளையத்துக்குள் தண்ணீர் ஊற்று இல்லை. மேட்டுலயத்தில் வாழ்ந்து, வறட்சி மாதத்தில் பீலி வற்றினால் பள்ளத்துக்கு இறங்கிக் குடத்தைச் சுமந்து ஏறியவர்களுக்கு, அந்த வரியின் பொருள் நான் சொல்லாமலே விளங்கும். கீழே ஓடையில் தண்ணீர் ஓடும். ஓடைக்கு இறங்கும் பாதையில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி இருக்கும்.

ஆறு நாட்கள் பகலும் இரவும் தாக்குதல் தொடர்ந்தது. தேவாலயம் இருந்த மூலை பலமுறை கைமாறியது. இறந்த கோவேறு கழுதைகளையும் மனிதர்களையும் பாறையில் புதைக்க முடியவில்லை. மார்ச் 26ஆம் திகதி மாலை வானொலி வழியே வெளியேற உத்தரவு வந்தது. அன்றிரவு, நடக்கக்கூடியவர்கள் காட்டுச்சரிவு வழியாக இம்பாலை நோக்கி இறங்கினார்கள். நகர்த்தவே முடியாத நிலையில் இருந்த படுகாயக்காரர்களை விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. பிரிகேட்டில் அறுநூறு பேரளவில் இறந்தோ, காயமடைந்தோ, காணாமற்போயோ இருந்தார்கள்.

அந்த ஆறு நாட்களில் நாகர் மலையிலுள்ள கொஹிமாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஜப்பானியப் படையின் ஒரு முக்கிய பகுதி சங்ஷாக்கில் தடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. கொஹிமா முற்றுகை ஏப்ரல் முதல் வாரத்தில்தான் தொடங்கியது. அதற்குள் அங்கே பாதுகாப்பைப் பலப்படுத்த அவகாசம் கிடைத்தது. இவ்வளவுக்குப் பின்னும் பிரிகேடியர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார், அந்தப் பிரிகேட் தோற்றோடிய படையாகப் பேசப்பட்டது. அவர்களுடைய பணியின் மதிப்பு பிற்காலத்திலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. இது எனக்கு இன்றும் மனவருத்தம் தரும் விடயம்.

விமானத்திலிருந்து தண்ணீரும் குண்டுகளும் போட்டிருக்கலாமே?

போட்டார்கள். பெரும்பகுதி ஜப்பானியரிடம் போய் விழுந்தது. தங்களுக்கென வந்த பொதிகள் கண்முன்னே எதிரியின் சரிவில் இறங்குவதைத் தாகத்தோடு பார்த்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் வகுப்பில் கேட்டால், சற்று நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

விமானிகளைக் குறைசொல்வதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும். செக்கனுக்கு ஐம்பது மீற்றர் வேகத்தில் வரும் விமானம் அந்த மேட்டின் அகலத்தை ஏழெட்டுச் செக்கனில் தாண்டிவிடும். நீளவாக்கில் பறந்தாலும் பதினைந்து செக்கன்தான். அதற்குள் விமானத்தின் கதவருகே நிற்பவர் பொதிகளை உதைத்துத் தள்ள வேண்டும். 150 மீற்றர் உயரத்திலிருந்து பரசூட்டோடு விடப்பட்ட பொதி தரையைத் தொட ஏறத்தாழ இருபத்தைந்து செக்கன் எடுக்கும். இதமான காற்று அடித்தாலும் அது நூறு மீற்றருக்கு மேல் விலகிவிடும். அகலமே முந்நூற்றுச் சொச்சம் மீற்றர் இருக்கும் மேட்டில் நூறு மீற்றர் விலகினால் பொதி சரிவில் உருண்டு மறுபக்கம் போய்விடும். மிகவும் தாழ்வாகப் பறந்து வந்த ஒரு விமானம் போட்டவை மட்டும் சரியாக உள்ளே விழுந்தன. அந்த விமானம் தரையிலிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டுக்குள்தான் பறந்தது.

சிண்டிட் படையினர் கிளைடரில் காட்டுக்குள் இறங்கியதாகப் படித்தோம். அது வெற்றி பெற்றது எப்படி?

அவர்கள் மலையுச்சியில் இறங்கவில்லை என்பதே முதற்பதில். பர்மாவில் ஜப்பானியரின் பின்புறத்தில் போரிட்ட சிண்டிட் படையை நடத்திய மேஜர் ஜெனரல் விங்கேட் தெரிவுசெய்தவை மலைகளுக்கு நடுவே காட்டுக்குள் இருந்த புல்வெளிகள். 1944 மார்ச் 5ஆம் திகதி இரவு, அசாமில் லாலாகாட் விமானத்தளத்திலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட கிளைடர்கள் இழுத்துச் செல்லப்பட்டன. புறப்படுவதற்குச் சற்று முன் எடுத்த வான்படத்தில், “பிக்கடில்லி” என்று பெயரிட்டிருந்த வெளியில் மரக்குற்றிகள் குறுக்கே கிடப்பது தெரிந்தது. ஆகவே அனைவரும் “பிரோட்வே” என்ற மற்ற வெளிக்குத் திருப்பப்பட்டார்கள். ஏறத்தாழ பாதிக் கிளைடர்களே அங்கு போய்ச் சேர்ந்தன. மரம் இழுத்த தடங்கள் புல்லுக்குள் மறைந்திருந்ததால் இறங்கியவை ஒன்றோடொன்று மோதிப் பலர் இறந்தார்கள். இருந்தும் சிறிய புல்டோசர் ஒன்றைக் கொண்டு மறுநாள் இரவுக்குள் டக்கோட்டா இறங்கக்கூடிய ஓடுபாதை தயாராகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் இங்கும் மற்றொரு வெளியிலுமாக ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகளும் குதிரைகளும் வந்து சேர்ந்தன. கழுதைகள் கத்தி இடத்தைக் காட்டிக்கொடுக்காதபடி அவற்றின் குரல்நாண்கள் முன்னரே வெட்டப்பட்டிருந்தன.

ஓடுபாதை இருந்தால் படை உயிர்வாழும், இல்லாவிட்டால் பட்டினி கிடக்கும். சங்ஷாக்குக்கும் பிரோட்வேக்கும் இடையிலான வேறுபாட்டை ஆயுதத்தில் தேடுவோர் இந்தத் துண்டு நிலத்தைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். மார்ச் 24ஆம் திகதி விங்கேட் மணிப்பூர் மலையில் நடந்த விமான விபத்தில் இறந்தார்.

காயமடைந்தவர்களை எப்படித் தூக்கிச் சென்றார்கள்?

என் சிறுவயதில் எங்கள் அப்பாயிக்கு இரவில் நெஞ்சுவலி வந்தபோது, மேற்பிரிவு லயத்திலிருந்து லொறி நிற்கும் ரோட்டுக்கு அவரைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டித் தூக்கிப் போனார்கள். இரண்டு மைல்தான். நான்கு பேர் தூக்க, நான்கு பேர் மாற்றாக வர, ஒருவர் பந்தம் பிடித்து முன்னே நடந்தார். மழையில் படிக்கட்டு வழுக்கியது. முன்னால் இருந்தவர் முழங்காலை மடக்கி இறங்க, பின்னால் இருந்தவர் கம்பைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பளவில் பிடித்துக்கொண்டார். சுடுவதற்கு யாரும் இல்லாத, பழகிய பாதையில் ஒரு மெலிந்த கிழவியைக் கொண்டுபோக ஒன்பது பேர் வேண்டியிருந்தது. இருபது காயக்காரர்கள் உள்ள கம்பனிக்கு என்ன நேரும் என்பதை இதைக் கொண்டு கணக்குப் போடலாம்.

இதனால்தான் சிறு விமானங்கள் பெரும் பேறாகக் கருதப்பட்டன. சிண்டிட் படையினரோடு இயங்கிய அமெரிக்க வான் கொமாண்டோ பிரிவினர் இலகுரக விமானங்களில் காயக்காரர்களை எடுத்துச் சென்றார்கள். 1944 ஏப்ரலில் அதே பிரிவின் சிக்கோர்ஸ்கி ஹெலிகொப்டர் ஒன்று பர்மாக் காட்டிலிருந்து ஆட்களை மீட்டது. போர்க்களத்தில் ஹெலிகொப்டர் செய்த முதல் மீட்பு அதுவே. வெப்பத்திலும் உயரத்திலும் அதன் எஞ்சின் திணறியதால் ஒரு தடவைக்கு ஒருவரை மட்டுமே ஏற்ற முடிந்தது.

பரசூட் படையின் மருத்துவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியர்களில் முதன்முதலாகப் பரசூட்டில் குதித்தவர்களுள் ஒருவர் 152ஆவது பற்றாலியனின் மருத்துவ அதிகாரி ஏ. ஜி. ரங்கராஜ். அவரே பின்னர் கொரியப் போரில் 60ஆவது பரசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்கப் படையினரோடு குதித்தார்கள். மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளிடம் நான் தவறாமல் இந்தப் பெயரைச் சொல்வேன்.

அட்டைக்கடியும் காய்ச்சலும் உண்மையிலேயே அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆம். 1943இல் போர்க்காயத்தோடு ஒருவர் பின்னுக்கு அனுப்பப்பட்டால், நோயோடு நூற்றிருபது பேர் அனுப்பப்பட்டதாக 14ஆவது படையின் தளபதி ஸ்லிம் பதிவுசெய்திருக்கிறார். மலேரியா, வயிற்றோட்டம், உண்ணி போன்ற சிறு பூச்சிகளால் பரவும் காய்ச்சல் ஆகியவையே அதற்குக் காரணம். மெப்பக்ரின் என்ற மஞ்சள் மாத்திரையைத் தினமும் விழுங்கியதில் சிப்பாய்களின் தோலே மஞ்சளாகியது. அட்டையால் யாரும் சாவதில்லை. ஆனால் அது கடித்த இடத்தைச் சொறிந்தால் புண்ணாகும், ஈரச் சப்பாத்துக்குள் புண் அழுகும், அழுகிய காலோடு மலை ஏற முடியாது. கொழுந்து மலையில் வேலை செய்வோருக்கு இது புதிதல்ல.

ஹெலிகொப்டர் வந்த பிறகு எல்லாம் எளிதாகிவிட்டதா?

எளிதாகும் என்றே நம்பினார்கள். வியட்நாமின் மத்திய மேட்டுநிலத்தில், டக் டோ அருகே, 1967 நவம்பரில் அமெரிக்காவின் 173ஆவது வான்வழிப் பிரிகேட் 875ஆம் இலக்கக் குன்றைத் தாக்கியது. இலக்கம் உயரத்தை மீற்றரில் குறிப்பது. நம் கண்டி நகரைவிடச் சில நூறு மீற்றர்தான் அதிகம். அடுக்கடுக்கான மரவிதானமும் தரையிலிருந்து வந்த சூடும் சேர்ந்து ஹெலிகொப்டர்களை இறங்கவிடவில்லை. குன்றின் சரிவில் சிக்கிய பற்றாலியன் தண்ணீரும் மருந்தும் இல்லாமல் காயக்காரர்களோடு கிடந்தது. முதல்நாள் மாலை அவர்களுடைய சொந்த விமானமொன்றின் குண்டே அவர்கள் நடுவில் விழுந்து 42 பேர் இறந்தார்கள். நவம்பர் 23ஆம் திகதி குன்று பிடிக்கப்பட்டது. பிறகு அதைக் கைவிட்டுப் போனார்கள்.

வடமேற்கு வியட்நாமின் தியன் பியன் பூவையும் இதே கண்ணோட்டத்தில் படிக்கலாம். பிரெஞ்சுப் பரசூட் படையினர் 1953 நவம்பர் 20ஆம் திகதி அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். சுற்றியிருந்த மலைகளில், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட வியட்மின் படையினர் பீரங்கிகளைக் கையால் இழுத்து ஏற்றியபின் ஓடுபாதை பயனற்றுப்போனது. 1954 மே 7ஆம் திகதி தளம் வீழ்ந்தது.

இந்தப் போரில் தேயிலைத் தொழிலாளருக்கும் தமிழருக்கும் இடமில்லையா?

நிறையவே இருக்கிறது, எழுதப்பட்டது குறைவு. 1942இல் பர்மாவிலிருந்து அகதிகள் மலைப்பாதை வழியே இந்தியாவுக்கு வந்தபோதும், மணிப்பூருக்கான பாதை படைகளுக்காக அகலமாக்கப்பட்டபோதும், அசாம் தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மண்வெட்டியோடு அனுப்பப்பட்டார்கள். சங்ஷாக்கிலிருந்து தப்பியவர்கள் போய்ச்சேர்ந்த இம்பாலை நாட்டின் மற்றப் பகுதியோடு இணைத்த பாதையில் அவர்களுடைய வியர்வை இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், மலாயாவின் றப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதையில் பெருந்தொகையாக மாண்டார்கள். அதே தோட்டங்களிலிருந்து பலர் நேதாஜியின் இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். பிரித்தானியரின் படையில் மதராஸ் சப்பர் பிரிவினர் பாலமும் பாதையும் அமைத்தார்கள். ஒரே காட்டின் இரு பக்கங்களிலும் தமிழ் பேசப்பட்டது.

மாணவர்கள் நேரில் பார்க்கக்கூடிய ஏதாவது மலையகத்தில் இருக்கிறதா?

கண்டியில் பொதுநலவாயப் போர்க்கல்லறை இருக்கிறது. ஏறத்தாழ இருநூறு கல்லறைகள். பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இலங்கையர், இந்தியர் ஆகியோரின் பெயர்கள் ஒரே அளவான கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. காலை வேளையில் சிறு குழுக்களாகச் செல்வது நல்லது. புல்லை மிதிக்கலாம், கற்களின் மேல் உட்காரக் கூடாது. நான் அழைத்துச் செல்லும் பிள்ளைகளிடம் பிறந்த நாடும் வயதும் மட்டும் குறித்து வரச்சொல்வேன். சென்ற முறை ஒரு மாணவன் கிழக்காபிரிக்கப் படையினரின் வரிசையில் நெடுநேரம் நின்றுவிட்டு, “சேர், இவங்க வீட்டுல யாராவது இங்க வந்து பாத்திருப்பாங்களா?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவன் கையிலிருந்த கொப்பியில் அந்தப் பெயர்களையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.